எதிர்காற்றில் புரளாத மிட்ரேஞ்ச் டிஸ்க் எது?

தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து, தொலைவில் நிற்கும் கூடையில் சேர்க்கும் ஆட்டம் டிஸ்க் கோல்ஃப். அதில் நடுத்தரத் தொலைவுக்கு எறியும் மிட்ரேஞ்ச் டிஸ்க் என் பையில் நெடுநாளாக ஒன்றே ஒன்றுதான் இருந்தது: டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ்ஸ். (இயல்பாக எழுதினால் பேருந்து என்று படிக்க நேரும் என்பதால் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதுகிறேன். அந்நிறுவனமும் ஆங்கிலத்தில் கடைசி எழுத்தை மூன்று முறை எழுதித்தான் அப்பெயரை அமைத்திருக்கிறது.) காற்றில்லாத நாளில், 70 மீட்டர் தள்ளி நிற்கும் கூடையை நோக்கி மட்டமாக விட்டால், அது நேராகப் போய், கடைசியில் சற்றே இடப்பக்கம் சாய்ந்து அமைதியாக இறங்கும். எதிர்காற்று வீசும் நாளிலும் அதே கைதான், அதே வேகம்தான், அதே கோணம்தான்; ஆனால் டிஸ்க் பாதி வழியிலேயே வலப்பக்கம் புரண்டு மரங்களுக்குள் போய்விடும். அப்படிப் போன டிஸ்க்கைத் தேடிப் புதருக்குள் குனிந்திருந்த ஒரு நாளில்தான், சற்று ஓவர்ஸ்டேபிளான, அதாவது வலப்பக்கம் புரள மறுத்து இடப்பக்கம் இழுக்கும், மிட்ரேஞ்ச் ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒன்று வாங்கப் போய் ஏழெட்டு வாங்கிவிட்டேன் என்பது வேறு கதை. அவற்றை எதிர்காற்றிலும் பின்காற்றிலும், புதியதாகவும் தேய்ந்த பிறகும் எறிந்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

இக்கட்டுரையில் வரும் இடம், வலம் எல்லாம் வலக்கையால் பேக்ஹேண்டாக, அதாவது கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து, எறிபவரின் கணக்கு. இடக்கையாளர்களும், வலக்கையால் ஃபோர்ஹேண்டாக, அதாவது உடலின் வலப்பக்கத்திலிருந்தே, எறிபவர்களும் திசையை மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

டிஸ்க்கின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் நான்கு எண்கள் ஸ்பீடு, கிளைடு, டர்ன், ஃபேடு என்ற வரிசையில் வரும். பஸ்ஸுக்கு அவை 5, 4, -1, 1. டிஸ்க் சரியாகப் பறக்க எவ்வளவு வேகம் வேண்டும் என்பது ஸ்பீடு. எவ்வளவு மிதக்கும் என்பது கிளைடு. வேகமாகப் பறக்கும் கட்டத்தில் டிஸ்க் வலப்பக்கம் எவ்வளவு திரும்பும் என்பது டர்ன். வேகம் குறைந்தபின் இடப்பக்கம் எவ்வளவு சாயும் என்பது ஃபேடு. இன்னோவா நிறுவனம் தொடங்கிவைத்த இம்முறையை இன்று ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் டிஸ்க்குகளுக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறது. எல்லோருக்கும் பொதுவான தேர்வாளர் எவரும் இல்லை. டிஸ்க்குகளுக்கு அங்கீகாரம் வழங்கும் டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏ அளவையும் எடையையும் சரிபார்க்கிறதே தவிர, ஃபேடு 3 என்றால் எத்தனை மீட்டர் என்று வரையறுப்பதில்லை. ஆகவே ஒரு நிறுவனத்தின் 3-ஐ இன்னொரு நிறுவனத்தின் 3-உடன் அப்படியே ஒப்பிட்டு வாங்கினால் ஏமாற்றம் நேரலாம். ஒரே நிறுவனத்தின் இரண்டு டிஸ்க்குகளை ஒப்பிடும்போதுதான் இந்த எண்கள் உண்மையாகப் பயன்படுகின்றன.

ஸ்டேபிள் என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. விடுத்த கோணத்திலேயே, இப்பக்கமோ அப்பக்கமோ இழுக்காமல் பறக்கும் டிஸ்க் என்பது அதன் சரியான பொருள். ஆடுகளத்தில் பேசிக்கொள்ளும்போதோ, “இது அதைவிட ஸ்டேபிள்” என்றால் இது அதைவிட ஓவர்ஸ்டேபிள் என்றுதான் அர்த்தம். விற்பவர் முதல் பொருளிலும் வாங்குபவர் இரண்டாம் பொருளிலும் பேசிக்கொண்டால், வீட்டுக்கு வருவது எதிர்பார்த்த டிஸ்க்காக இருக்காது. இதற்குக் கேட்க வேண்டிய கேள்வி எளியது: எதிர்காற்றில் மட்டமாக விட்டால் இது வலப்பக்கம் போகுமா, போகாதா? அதற்கு நேரான பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் டிஸ்க் வாங்கலாம்.

எதிர்காற்று ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்பது புரிந்தால் தேர்வு பாதி முடிந்தது போலத்தான். பம்பரம் விட்டவர்களுக்கு இது தெரிந்த விஷயம். சுழலும் பொருளை ஒரு பக்கம் சாய்க்க முயன்றால் அது அந்தப் பக்கம் சாய்வதில்லை. தள்ளிய திசைக்குச் செங்குத்தான திசையில் சாயும். டிஸ்க் வேகமாகப் பறக்கையில் காற்றின் தூக்குவிசை அதன் மையத்துக்குச் சற்றுப் பின்னால் அமைந்து, மூக்கை, அதாவது முன்விளிம்பை, கீழே அழுத்தப் பார்க்கிறது. டிஸ்க் சுழன்றுகொண்டிருப்பதால் அந்த அழுத்தம் வலப்பக்கச் சாய்வாக வெளிப்படுகிறது. அதுதான் டர்ன். வேகம் குறைந்து டிஸ்க் இறங்கத் தொடங்கும்போது தூக்குவிசை மையத்துக்கு முன்னால் நகர்கிறது. மூக்கை மேலே தூக்கப் பார்க்கும் அந்த விசை இடப்பக்கச் சாய்வாக மாறுகிறது. அதுதான் ஃபேடு. இங்கே கணக்கில் வருவது தரையை ஒட்டிய வேகம் இல்லை. காற்றை ஒட்டிய வேகம். எதிர்காற்றில் எறிந்தால், நம் கை தராத வேகத்தைக் காற்று தருகிறது. கையின் வலுவுக்குப் பொருந்தியிருந்த டிஸ்க் அதைவிட வேகமான கையில் இருப்பது போல நடந்துகொண்டு புரள்கிறது. பின்காற்றில் இது தலைகீழாகிறது. தூக்குவிசை குறைந்து, டர்ன் காணாமல் போய், டிஸ்க் முன்கூட்டியே இடப்பக்கம் இழுத்து விழுகிறது. காற்றின் அடர்த்தி குறைந்த உயரமான மலைப்பகுதிகளிலும் ஏறத்தாழ இதே கதைதான். அங்கே எல்லா டிஸ்க்குகளும் ஒரு படி ஓவர்ஸ்டேபிளாகத் தெரியும்.

வாங்குவோர் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று இதிலிருந்து கிடைக்கிறது. கை வேகம் குறைவாக உள்ளவருக்கு டர்ன் என்ற கட்டமே ஏறத்தாழ வருவதில்லை. அவர் கையில் ஸ்டேபிள் டிஸ்க்கே ஓவர்ஸ்டேபிளாகப் பறக்கும். உண்மையிலேயே ஓவர்ஸ்டேபிளான டிஸ்க், கையைவிட்ட சில நொடிகளில் இடப்பக்கம் திரும்பித் தரையில் கிடக்கும். மிட்ரேஞ்சை மட்டமாக விட்டால் 60 மீட்டரைத் தாண்டாதவர், ஃபேடு 4 என்று எழுதியிருக்கும் டிஸ்க்கை வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து. அவருக்குத் தேவையான ஓவர்ஸ்டேபிள் டிஸ்க், ஏற்கெனவே அவர் பையில் பஸ்ஸ் என்ற பெயரில் இருக்கிறது.

இன்னொன்று, சற்றுக் கசப்பானது. என் டிஸ்க் புரண்டதற்கெல்லாம் காற்றே காரணம் என்று நான் நம்பியிருந்தேன். காற்றில்லாத ஒரு மாலையில் என் எறிதலைக் கைபேசியில் படமெடுத்துப் பார்த்தபோது, கையைவிட்டதும் டிஸ்க் தள்ளாடுவது தெரிந்தது. இழுக்கும் பாதையும் மணிக்கட்டு திரும்பும் தளமும் ஒன்றாக இல்லாதபோது வரும் தள்ளாட்டம் அது. டிஸ்க்கை இல்லாத டர்னுக்குத் தள்ளும். ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் அந்தத் தள்ளாட்டத்தை விழுங்கிவிட்டு நேராகப் போகும். எறிபவரும் தன் கை தேறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். நேர்மாறான பிழையும் உண்டு. மூக்கை உயர்த்தி விடுபவருக்கு எந்த டிஸ்க்காக இருந்தாலும் மேலே ஏறி இடப்பக்கம் விழும். அவர் டிஸ்க்கைக் குறை சொல்வார். ஆகவே புதிய டிஸ்க் வாங்குவதற்கு முன்னால், பையில் இருக்கும் மிகவும் நேரான டிஸ்க்கைக் காற்றில்லாத இடத்தில் 20 முறை எறிந்து பார்த்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். அது ஒரே மாதிரிப் பறந்தால் மட்டும் மேற்கொண்டு படிக்கலாம்.

இனி டிஸ்க்குகளைப் பார்க்கலாம். ஒப்பீட்டுக்கு அளவுகோலாக பஸ்ஸையே வைத்துக்கொள்கிறேன். 2003-இல் வந்த இந்த டிஸ்க், மிட்ரேஞ்ச் என்றாலே நினைவுக்கு வருவதாக இன்றும் இருக்கிறது. விளிம்பின் அடியில் பீட் எனப்படும் சிறு வளையம் இதில் இல்லை; அதனால் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு ஒரே மாதிரி விடுபடும். விட்ட கோணத்தை விட்டபடியே பிடித்துக்கொண்டு போகும் குணம்தான் இதன் பெருமை. ஹைசராக, அதாவது இடப்பக்கம் சாய்த்து, விட்டால் ஹைசராகவே போகும். ஆன்ஹைசராக, அதாவது வலப்பக்கம் சாய்த்து, விட்டால் வளைந்து போய்ப் பெரும்பாலும் திரும்பி வராது. மரங்களுக்கு இடையே குறுகிய பாதையில் இதைவிட நம்பகமான டிஸ்க் என் கைக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அதே குணம்தான் எதிர்காற்றில் இதன் பலவீனம். காற்று சாய்த்துவிட்ட கோணத்தையும் இது பிடித்துக்கொண்டுவிடுகிறது. நிமிர்ந்து வர வேண்டும் என்ற உணர்வே இதற்கு இல்லை.

இதே வார்ப்பு அச்சின் குடும்பத்தில் பஸ்ஸ் ஓஎஸ் என்று ஒன்று உண்டு. எண்கள் 5, 4, 0, 3. பஸ்ஸின் பிடிப்பு பழகிய கைக்கு இது சுலபமான தாவல். முகப்பும் விளிம்பும் புதிதாகத் தோன்றாது. வாஸ்ப், பீட் சேர்த்த பஸ்ஸ் போன்றது. 5, 3, 0, 2. எதிர்காற்றுக்குப் போதுமான பிடிமானம் உண்டு என்றாலும், பஸ்ஸுக்குப் பழகிய என் விரல்களுக்கு அந்த வளையம் கடைசிவரை அந்நியமாகவே இருந்தது. பீட் பிடிக்குமா பிடிக்காதா என்பது அவரவர் விரலின் விஷயம். யார் சொல்லியும் முடிவு செய்ய முடியாது. எறிந்துதான் பார்க்க வேண்டும். ஆட்டக்காரர் பால் மெக்பெத்தின் பெயரில் டிஸ்கிராஃப்ட் வெளியிடும் மால்ட்டாவுக்கு 5, 4, 1, 3 என்று எண்கள். டர்ன் நேர்க்குறி எண்ணாக இருப்பதைக் கவனிக்க வேண்டும்: வேகமான கட்டத்திலும் வலப்பக்கம் திரும்ப மாட்டேன் என்பதற்கான வாக்குறுதி அது. எதிர்காற்றில் அந்த வாக்கை அது காப்பாற்றியது. காற்றில்லாத நாளில் என் கை வேகத்துக்கு அது சற்று விறைப்பாகத்தான் இருந்தது.

இன்னோவாவின் ராக் பற்றிப் பேசாமல் மிட்ரேஞ்ச் பற்றிப் பேச முடியாது. 1987-இல் வந்த அச்சு. எண்கள் 4, 4, 0, 3. உலகப் பட்டத்தை 12 முறை வென்ற கென் கிளைமோவின் முதலெழுத்துகளைத் தாங்கிய கேசி புரோ பிளாஸ்டிக்கில் வந்த ராக்கை, அக்காலத்து ஆட்டக்காரர்கள் பெட்டியில் பூட்டி வைத்துப் பாதுகாத்தார்கள் என்றால் மிகையாகாது. ராக் பழகுபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. டிஎக்ஸ் எனப்படும் அடிப்படைப் பிளாஸ்டிக்கில் செய்த ராக் புதிதாக இருக்கையில் ஓவர்ஸ்டேபிள்; மரங்களில் மோதி மோதிச் சில மாதங்களில் நேராகும்; இன்னும் தேய்ந்தால் வலப்பக்கம் புரளத் தொடங்கும். ஒரே அச்சில் வெவ்வேறு வயதுடைய மூன்று நான்கு டிஸ்க்குகளைப் பையில் வைத்துக்கொண்டால், கைப்பிடியை மாற்றாமலே எல்லாத் திசைகளுக்கும் ஒரு டிஸ்க் இருக்கும். பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. எனக்கு அந்தப் பொறுமை இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதனால் நான் எடுத்துக்கொண்டது ராக்3. 5, 4, 0, 3. சாம்பியன் பிளாஸ்டிக்கில், தட்டையான முதுகு கொண்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இக்கட்டுரைக்கு ஒரு நாயகன் வேண்டுமென்றால் அது இதுதான். எதிர்காற்றில் மட்டமாக விட்டால் பாதி வழிவரை நேராகவே போகிறது. காற்று சற்று அழுத்தினால் மயிரிழை வலப்பக்கம் நகர்ந்து, பிறகு தானாக நிமிர்ந்து, கடைசியில் நான்கைந்து மீட்டர் இடப்பக்கம் வந்து உட்கார்கிறது. அப்படி நிமிர்ந்து வருவதற்காகத்தான் நான் பணம் கொடுத்தேன். காற்றில்லாத நாளிலும் வீணாகப் பையில் கிடப்பதில்லை. இடப்பக்கம் வளையும் பாதைகளில், கூடைக்குச் சற்று வலப்பக்கம் குறிவைத்து விட்டுவிட்டால் போதும். ஆன்ஹைசராக விட்டால் வலப்பக்கம் வளைந்து போய், மீண்டும் இடப்பக்கம் திரும்பி எஸ் வடிவத்தில் இறங்கும். பஸ்ஸால் அந்தப் பாதையை வரைய முடியாது.

டைனமிக் டிஸ்க்ஸ் நிறுவனத்தின் பட்டியலைப் படித்தால் நீதிமன்ற வளாகத்துக்குள் நுழைந்தது போல இருக்கும்: ஜட்ஜ், வெர்டிக்ட், ஜஸ்டிஸ், ட்ரூத், ஃபெலன், கன்விக்ட் என்று பெயர்கள். நமக்கு வேண்டிய வெர்டிக்ட் 5, 4, 0, 3.5. ராக்3-க்கு நேர்ப் போட்டியாளர் இதுதான். கடைசிக் கட்டத்தில் இது ராக்3-ஐவிடச் சற்று உறுதியாக இடப்பக்கம் இறங்குகிறது. ஃபோர்ஹேண்டில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. என் ஃபோர்ஹேண்டில் இருக்கும் தள்ளாட்டத்தை வெர்டிக்ட் அதிகம் பொறுத்துக்கொண்டது. ஃபோர்ஹேண்டை நம்பி ஆடுபவர் ராக்3-ஐ விட்டுவிட்டு இதை எடுத்தால் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

ஃபேடு 2 என்ற எண்ணைத் தாங்கியவற்றில் இரண்டை எறிந்தேன். டிஸ்க்மேனியாவின் எம்டி3, 2010-இல் உலகப் பட்டம் வென்ற எரிக் மெக்கேபின் பெயரில் வரும் ஈமேக் ட்ரூத் ஆகிய இரண்டுக்கும் எண்கள் ஒன்றே: 5, 5, 0, 2. கிளைடு 5 என்பதால் இரண்டும் மிதந்து போகின்றன. காற்றில்லாத நாளில் ராக்3-ஐவிடச் சில மீட்டர் கூடுதலாகவே போயின. ஒரே டிஸ்க்கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எறிய விரும்புபவருக்கு இவை பொருத்தமானவை. ஆனால் எதிர்காற்றில் கிளைடு ஒரு சொத்து இல்லை, கடன். மிதக்கும் டிஸ்க்கைக் காற்று மேலே தூக்குகிறது; தூக்கிய டிஸ்க் எங்கே இறங்கும் என்பது காற்றுக்கே வெளிச்சம். டர்ன், ஃபேடு எண்களை மட்டும் பார்த்துவிட்டுக் கிளைடைப் பார்க்காமல் விடுவதுதான் இந்த வகை டிஸ்க் வாங்குவோர் செய்யும் பெரிய தவறு என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வகையில் இன்னோவாவின் கேட்டர் தனிப் பிறவி. எண்கள் 5, 2, 0, 3. ஃபேடு எண்ணை மட்டும் பார்த்தால் ராக்3-உம் இதுவும் ஒன்று என்று தோன்றும். எறிந்து பார்த்தால் உறவே இல்லை. கிளைடு 2 என்பதால் மிதப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அடியில் தடித்த பீட், தட்டையான முதுகு. பலத்த எதிர்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு நடப்பவரைப் போலப் போய், குறித்த இடத்தில் பொத்தென்று விழுகிறது. உருண்டு ஓடுவதும் குறைவு. 40, 50 மீட்டருக்குள் கூடையை நெருங்க இதைவிட நம்பகமான டிஸ்க்கை நான் எறிந்ததில்லை. அதைத் தாண்டித் தூரம் வேண்டுமென்றால் கை மிகவும் உழைக்க வேண்டும்.

எம்விபி நிறுவனத்தின் டிஃப்ளெக்டர் 5, 3.5, 0, 4. மையத்துக்கு ஒன்றும் விளிம்புக்குச் சற்றுக் கனமான ஒன்றுமாக இரண்டு பிளாஸ்டிக்குகளைச் சேர்த்து வார்ப்பது அந்நிறுவனத்தின் முறை. எடை வெளிவிளிம்புக்குப் போவதால் சுழற்சி நெடுநேரம் நீடிக்கும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை. கையில் அது கொடுத்த உறுதி எனக்குப் பிடித்திருந்தது. டைனமிக் டிஸ்க்ஸின் ஜஸ்டிஸ் 5, 1, 0.5, 4. கிளைடு 1 என்று அச்சிடத் துணிந்த நிறுவனத்தைப் பாராட்ட வேண்டும். அந்த எண் பொய் சொல்லவில்லை. முழு பலத்தோடு வலப்பக்கம் சாய்த்து விட்டாலும் அடம்பிடித்துத் திரும்பி வருகிறது. மரத்தைச் சுற்றிக் கூர்மையாகத் திரும்ப வேண்டிய இடங்களிலும், ஃபோர்ஹேண்டில் தரையில் பட்டுச் சறுக்கிக் கூடைக்குப் போக வேண்டிய இடங்களிலும் இதற்கு ஈடில்லை. ஆனால் ஒரு சுற்றில் அப்படிப்பட்ட இடங்கள் எத்தனை வரும்? எனக்கு ஒன்றோ இரண்டோ வந்தால் அதிகம்.

எண்களைத் தாண்டி, கையில் எடுத்த டிஸ்க்கையே பார்த்துச் சிலவற்றைத் தெரிந்துகொள்ளலாம். ஒரே அச்சு, ஒரே பிளாஸ்டிக் என்றாலும் வார்ப்பு ஆறும் விதத்தைப் பொறுத்து ஒவ்வொரு தொகுதியும் சற்று மாறும். டிஸ்க்கை மட்டமான மேசையில் வைத்து, கண்ணை மேசையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பில் அச்சின் இரு பாதிகள் சேரும் கோட்டைப் பார்க்க வேண்டும். பார்ட்டிங் லைன் எனப்படும் அந்தக் கோடு மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஓவர்ஸ்டேபிளாக அந்த டிஸ்க் பறக்கும். ஒரே அச்சில் இரண்டு டிஸ்க்குகளை அடுத்தடுத்து வைத்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். முதுகு மேடாக இருந்தால் பொதுவாக மிதப்பு கூடும்; தட்டையாக இருந்தால் மிதப்பு குறைந்து காற்றில் நிலைத்து நிற்கும். விதிவிலக்குகள் உண்டு என்றாலும், நம் தேவைக்குத் தட்டை முதுகைத் தேடுவதே சரி. கையில் எடுத்துப் பார்க்க முடியாமல் இணையத்தில் வாங்க நேர்ந்தால், குறிப்பிட்ட அந்த டிஸ்க்கின் படத்தைப் பக்கவாட்டில் எடுத்துக் காட்டும் கடையில் வாங்குவது நல்லது. தட்டையானது வேண்டும் என்று குறிப்பெழுதி அனுப்பியும், ஒரு கடையிலிருந்து எனக்கு வந்தது கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒன்று. திருப்பி அனுப்பும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டேன். அது இப்போது காற்றில்லாத நாளுக்கான டிஸ்க்காகிவிட்டது.

பிளாஸ்டிக் விஷயத்தில் நான் தயங்குவதில்லை. நேராகப் பறக்கும் டிஸ்க்கை அடிப்படைப் பிளாஸ்டிக்கில் வாங்கலாம். அதன் தேய்மானம் கெடுதல் இல்லை. ஓவர்ஸ்டேபிள் டிஸ்க்கை மட்டும் உயர்ரகப் பிளாஸ்டிக்கில்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் ஓவர்ஸ்டேபிளாக இருப்பதுதான் அதற்கு நாம் கொடுத்த வேலை. இன்னோவாவில் சாம்பியன், டிஸ்கிராஃப்டில் இஸட், டைனமிக் டிஸ்க்ஸில் லூசிட் ஆகிய மூன்றும் ஒளி ஊடுருவும், கடினமான, எளிதில் தேயாத வகைகள். பிடிப்பு முக்கியம் என்பவர்கள் அதே நிறுவனங்களின் ஸ்டார், இஎஸ்பி, ஃபியூஷன் ஆகியவற்றைப் பார்க்கலாம். மழையிலும் குளிரிலும் விரலுக்கு இவை இதமானவை, ஆனால் பொதுவாக முதல் வகையைவிடச் சற்று முன்னதாகவே நேராகிவிடுகின்றன. மரத்தில் மோதி விளிம்பில் பிசிறு எழுந்தால் லேசாகத் தேய்த்துச் சமன் செய்துகொள்ள விதி இடம் தருகிறது. பறக்கும் குணம் மாறும் அளவுக்குச் செதுக்கக் கூடாது. விரிசல் விட்ட டிஸ்க்கைப் போட்டியில் பயன்படுத்தவே கூடாது.

எடையைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. வெளிவிட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் என்பது பிடிஜிஏ வைத்திருக்கும் உச்சவரம்பு. 21.7 செ.மீ. விட்டமுள்ள பஸ்ஸுக்கு அது 180 கிராமைத் தொடும். காற்றுக்கென்று வாங்கும் டிஸ்க்கில் 175 கிராமுக்குக் குறைவாக நான் வாங்க மாட்டேன். கை வலுக் குறைந்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் 165-ஐ ஒட்டி வாங்கினால் தோள் நன்றி சொல்லும்.

இத்தனைக்கும் பிறகு என் பையில் தங்கியவை மூன்று. பஸ்ஸ் வெளியேறவில்லை, மரங்களுக்கு இடையே இன்றும் அதைத்தான் எடுக்கிறேன். வெட்டவெளியில், காற்று முகத்தில் அடிக்கும் இடங்களில் ராக்3. கூடை எட்டும் தூரத்தில் இருந்து காற்று மட்டும் குறுக்கே நிற்கும்போது கேட்டர். மால்ட்டாவையும் வெர்டிக்ட்டையும் என்னைவிட வலுவான கையுடைய நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். வெர்டிக்ட்டைக் கொடுத்ததில் மட்டும் சிறு வருத்தம் உண்டு. ஜஸ்டிஸ் வீட்டு அலமாரியில் இருக்கிறது. புயல் எச்சரிக்கை உள்ள நாளில் ஆடப் போக மாட்டேன் என்பதால், அதை எடுக்கும் நாள் இன்னும் வரவில்லை.

ஒரே ஒரு டிஸ்க்தான் வாங்கப் போகிறேன் என்பவர், தன் நேரான டிஸ்க் 70 மீட்டரைச் சிரமமில்லாமல் தொடுகிறதா என்று முதலில் பார்க்கட்டும். தொட்டால், தட்டை முதுகும் உயர்ந்த கோடும் கொண்ட சாம்பியன் ராக்3-ஐ 175 கிராமுக்கு மேல் எடுக்கலாம். பீட் பிடிக்காதவர் அதே இடத்தில் இஸட் பிளாஸ்டிக்கில் பஸ்ஸ் ஓஎஸ் எடுக்கலாம். தொடாவிட்டால் எதையும் வாங்க வேண்டாம். இருக்கும் பஸ்ஸையே எதிர்காற்றில் சற்று ஹைசர் கோணத்தில் விட்டுப் பார்க்கட்டும். காற்று அதை நிமிர்த்தி நேராக்கிக் கொண்டுபோகும். எனக்கு இது தெரிய வந்தது ஏழெட்டு டிஸ்க்குகள் வாங்கிய பிறகு.